அன்சல் பிளாசாவுக்கு என்ன ஆச்சு? ஒரு கித்வாய் நகர்க்காரனின் பதில்

கேள்வி இது: “அமெரிக்காவில் கைவிடப்பட்ட மால்களின் வீடியோக்களைப் பார்த்துக்கொண்டிருந்தபோது டில்லி அன்சல் பிளாசா ஞாபகம் வந்தது. சின்ன வயதில் அப்பா அம்மாவோடு போயிருக்கிறேன். ஒரு காலத்தில் கால் வைக்க இடமிருக்காது. அது ஏன் சரிந்தது? அந்த வட்டாரமே டல்லடித்துப்போனதாலா? அங்கே வளர்ந்த தமிழர்கள் யாராவது விவரமாகச் சொல்ல முடியுமா?”

இதற்கு இரண்டு பக்கமும் நின்று பார்த்தவன் நான், அதனால் பதில் கொஞ்சம் நீளும். 1999-ல் அன்சல் பிளாசா திறந்தபோது எனக்குப் பதினேழு வயது. கிழக்கு கித்வாய் நகரில் சர்க்கார் குவார்ட்டர்ஸில் இருந்தோம். அப்பா ஒரு மந்திராலயத்தில் யூடிசி, அதாவது அப்பர் டிவிஷன் கிளார்க். படிப்பு முடிந்து நான் போய் விழுந்த வேலை, மால்களில் கடைகளுக்கு ஆள் பிடித்துக் கொடுக்கும் வேலை. லீசிங் என்பார்கள். சின்ன வயதில் எந்தப் படிக்கட்டில் ஓசியில் உட்கார்ந்திருந்தேனோ, அந்த மாதிரிப் படிக்கட்டால் சதுர அடிக்கு எவ்வளவு நஷ்டம் என்று கணக்குப் போடுவது பிற்பாடு என் பிழைப்பாகிவிட்டது.

முதலில் ஒரு திருத்தம், தம்பி. அந்த வீடியோக்களில் வரும் அமெரிக்க மால்கள் செத்ததற்குப் பல காரணம் சொல்வார்கள். பக்கத்து ஆலை மூடியது, சம்பளக்காரர்கள் வேறு ஊருக்குப் போனார்கள், வீடு விலை விழுந்தது என்று. டில்லியில் அந்தக் கதை ஒட்டாது. சவுத் எக்ஸ், ஆண்ட்ரூஸ் கஞ்ச், டிஃபன்ஸ் காலனி பக்கம் நிலத்தின் விலை ஏறிக்கொண்டேதான் இருந்தது. வட்டாரம் டல்லடிக்கவில்லை. அந்த மாலுக்குச் சாயங்காலம் நடந்தே வந்துகொண்டிருந்த ஒரு ஜனக்கூட்டம் இருந்தது. அது வட்டாரத்தை விட்டுப் போய்விட்டது. நீங்களும் நானும் ஏங்குவது அந்தக் கூட்டத்துக்காகத்தான் என்பது என் கட்சி. மாலின் வியாபாரம் சரிந்தது தனிக் கதை. இரண்டையும் பிரித்துச் சொல்கிறேன்.

இடம் தெரியாதவர்களுக்காக: ரிங் ரோட்டில் சவுத் எக்ஸ் தாண்டினதும் தெற்கே திரும்புகிற சாலை கேல் காவ் மார்க். 1982 ஏசியாட் விளையாட்டுக்காகக் கட்டிய ஏசியாட் வில்லேஜ், சிரி ஃபோர்ட் எல்லாம் அந்தச் சாலையில்தான். அதன் தொடக்கத்திலேயே ஆண்ட்ரூஸ் கஞ்சை ஒட்டி, வீட்டுவசதிக்குக் கடன் கொடுக்கும் மத்திய அரசு நிறுவனமான ஹட்கோவின் நிலம். ஹட்கோ பிளேஸ் என்று பெயர். அங்கேதான் மால் எழுந்தது. டில்லியின் முதல் மால் என்று பொதுவாகச் சொல்வது இதைத்தான். கட்டடம் வட்டமானது. இரண்டு அரைவட்டங்களை எதிரெதிரே வைத்து, நடுவில் திறந்தவெளியில் ஒரு வட்ட அரங்கம். சுற்றிலும் படி படியாக இறங்கும். ஒரு பக்கம் ஷாப்பர்ஸ் ஸ்டாப். அது 1991-ல் பம்பாய் அந்தேரியில் தொடங்கி டில்லிக்கு வந்த கடை. இன்னொரு பக்கம் மெக்டொனால்ட்ஸ்.

அதே 1999-ல் பம்பாயில் கிராஸ்ரோட்ஸ் என்று ஒரு மால் திறந்தது. கூட்டத்தைச் சமாளிக்க முடியாமல், கையில் செல்போனோ கிரெடிட் கார்டோ இருந்தால்தான் உள்ளே விடுவோம், இல்லாவிட்டால் நுழைவுக் கட்டணம் கட்டு என்று கொஞ்ச காலம் நடத்தினார்கள். அன்றைக்கு எங்கள் பிளாக்கில் செல்போன் வைத்திருந்தவர் ஒருவர்கூட இல்லை. நாங்கள் பம்பாயில் இருந்திருந்தால் வாசலோடு திரும்பியிருப்போம். அன்சல் பிளாசா யாரையும் தடுக்கவில்லை. இது சின்ன விஷயமாகத் தோன்றலாம். எனக்கு முழுக் கதையும் இங்கேதான் தொடங்குகிறது.

(சைடில் ஒன்று. எதிர் வீட்டு பஞ்சாபி ஆன்ட்டி “தும்ஹாரே மத்ராஸ் மே ஐஸா ஹை க்யா?” (உங்க மெட்ராஸில் இப்படி இருக்கா?) என்று அம்மாவைக் கேட்டபோது, அம்மா அசரவே இல்லை. ஸ்பென்சர் பிளாசாவில் இதைப் போல நாலு போகும் என்று சொல்லிவிட்டாள். ஸ்பென்சர் தொண்ணூறுகளின் தொடக்கத்திலேயே புதிதாக எழும்பிவிட்டது என்பது நிஜம். அம்மா அதற்குள் காலெடுத்து வைத்ததில்லை என்பதும் நிஜம்.)

யார் போனார்கள்? எங்களைப் போன்றவர்கள்தான். ஐந்தாவது ஊதியக் குழுவின் சம்பளம் 1997-ல் அமலுக்கு வந்து, 1996 ஜனவரி முதலான அரியரும் வந்து, கித்வாய் நகர், சரோஜினி நகர், கஸ்தூர்பா நகர், லோதி காலனி என்று எல்லா குவார்ட்டர்ஸிலும் முதல் தடவையாகக் கையில் கொஞ்சம் காசு மிஞ்சியது. 1998-ல் ரிட்டையர்மென்ட் வயதை 58-லிருந்து 60 ஆக்கினார்கள். அப்பா மாதிரி விளிம்பில் நின்றவர்களுக்கு இரண்டு வருஷச் சம்பளத்தைவிட இரண்டு வருஷக் குவார்ட்டர்ஸ்தான் பெரிய வரம். அந்த இரண்டு வருஷத்துக்குள்தான் மால் திறந்தது.

இன்னொன்று வெயில். எங்களுடையது என்டிஎம்சி, அதாவது புது டில்லி நகராட்சி ஏரியா, கரண்ட் போகாது. லாஜ்பத் நகரில் வாடகைக்கு இருந்த சித்தப்பா வீட்டுக்கு டில்லி வித்யுத் போர்டு கரண்ட். ஜூன் மாதம் பாதி ராத்திரி மொட்டை மாடியில்தான் அவர்கள் படுக்கை. எங்களுக்கு அந்தப் பெருமை உண்டு, ஆனால் ஏசி கிடையாது. ஜன்னலில் கூலர். அதில் சாயங்காலம் மூன்று வாளி தண்ணீர் ஊற்றுவது என் டியூட்டி. கஸ்கஸ் (வெட்டிவேர்) தட்டி நனைந்து வரும் அந்த மண் வாசனை நன்றாகத்தான் இருக்கும். ஜூலையில் மழை ஈரம் வந்துவிட்டால் கூலரும் பிசுபிசுப்பைத்தான் ஊதும். அப்போது ஏழு மணிக்கு அப்பா சட்டையைப் போட்டுக்கொண்டு “ஒரு ரவுண்டு போயிட்டு வருவோமா?” என்பார். எங்கே என்று கேட்க வேண்டியதில்லை. ரிங் ரோட்டில் முத்ரிகா பஸ்ஸைப் பிடித்து ஆண்ட்ரூஸ் கஞ்ச் ஸ்டாப்பில் இறங்குவோம். திரும்பி வரும்போது நடை.

வாங்கினது என்ன என்று கேட்டால் பெரிதாக ஒன்றுமில்லை. துணி சரோஜினி நகர் மார்க்கெட்டில், மளிகை கேந்திரிய பண்டாரில், முருங்கைக்காயும் சின்ன வெங்காயமும் ஐஎன்ஏ மார்க்கெட்டில். மாலில் வாங்கினது மெக்டொனால்ட்ஸின் ஏழு ரூபாய் கோன். அப்பாவின் அறுபதாவது பிறந்தநாளுக்கு ஷாப்பர்ஸ் ஸ்டாப்பில் ஒரே ஒரு சட்டை. அந்தச் சட்டையைவிட அதைப் போட்டுக் கொடுத்த பைதான் ரொம்ப நாள் உழைத்தது. அம்மா அதை மடித்து மெத்தைக்கு அடியில் வைத்திருப்பாள். யார் வீட்டுக்காவது தாம்பூலம் கொண்டுபோக வேண்டும் என்றால் அது வெளியே வரும், திரும்பி வந்ததும் உள்ளே போகும்.

2000 அக்டோபரில் தென்காசியிலிருந்து அத்தை வந்திருந்தாள். காசி, ஹரித்துவார் முடித்துக்கொண்டு எங்களோடு நாலு நாள். ஊரிலிருந்து யார் வந்தாலும் காட்ட ஒரு பட்டியல் இருக்கும்: செங்கோட்டை, குதுப் மினார், லோட்டஸ் டெம்பிள், ஆர்.கே.புரம் மலை மந்திர். அந்த வருஷம் பட்டியலின் கடைசியில் அன்சல் பிளாசாவும் சேர்ந்திருந்தது. வெளியே போனால் சாப்பாடு கட்டிக்கொண்டுதான் போக வேண்டும் என்பது அத்தை கட்சி. எவர்சில்வர் தூக்கில் புளியோதரை, வாழை இலைக்குப் பதிலாக நியூஸ்பேப்பர் மேல் பாலிதீன். நாங்கள் எவ்வளவோ சொன்னோம். கேட்கவில்லை.

உள்ளே போனதும் எஸ்கலேட்டர். எங்கள் வீட்டில் எல்லோரும் அதற்குள் பழகியிருந்தோம். அத்தை முன்னால் போய் நின்று, படிகள் தரைக்குள்ளிருந்து முளைத்து வருவதைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பின்னால் ஆட்கள் சேர ஆரம்பித்தார்கள். புடவைக் கொசுவத்தை ஒரு கையில் முழங்கால் உயரத்துக்குத் தூக்கிப் பிடித்து, மறு கையால் என் மணிக்கட்டை இறுக்கி, “முருகா” என்று ஒரு கால் வைத்தாள். மேலே போய்ச் சேரும் இடத்தில் எல்லோரும் சாதாரணமாக அடி எடுத்து வைப்பார்கள், அத்தை ஒரு சின்னக் குதி குதித்தாள். அப்புறம் ஒரே சிரிப்பு. இறங்கும்போது மட்டும் முடியவே முடியாது என்றுவிட்டாள். “ஏறுறது மலையேறுற மாதிரி இருக்குய்யா. எறங்குறது கெணத்துல விழுற மாதிரில்லா இருக்கு.” நாங்கள் எஸ்கலேட்டரில் இறங்கி, கீழே அவள் படிக்கட்டில் வந்து சேரும்வரை காத்திருந்தோம்.

பிறகு நடு அரங்கத்துப் படிகளில் உட்கார்ந்து தூக்கைத் திறந்தாள். நல்லெண்ணெயும் பெருங்காயமும் அந்தப் படிகளில் அப்படி மணத்தது. செக்யூரிட்டிக்காரர் ஒருவர் வந்தார், எங்களுக்கு முகம் சுண்டிவிட்டது. அவர் மெதுவாக, மேலே வேண்டாம், கண்ணில் படும், நாலு படி கீழே இறங்கி அந்த ஓரமாக உட்காருங்கள் என்றார். அத்தைக்கு இந்தி ஒரு எழுத்து தெரியாது. ஆனால் என்ன சொன்னாரென்று அவளுக்குப் புரிந்துவிட்டது. ஒரு உருண்டை எடுத்து நீட்டினாள். டியூட்டி என்று கையெடுத்துக் கும்பிட்டுவிட்டுப் போய்விட்டார்.

மூன்று மணி நேரம் இருந்தோம். ஆறு பேர், ஆறு கோன், 42 ரூபாய்.

இதைத்தான் நான் பிற்பாடு தொழிலில் திரும்பத் திரும்பப் பார்த்தேன். மாலுக்குள் எத்தனை தலை வந்தது என்பது ஃபுட்ஃபால். அதில் எத்தனை பேர் பில் போட்டார்கள் என்பது கன்வர்ஷன். முதலாவது எவ்வளவு உயர்ந்தாலும் இரண்டாவது அசையாவிட்டால் கடைக்காரன் வாடகை கட்ட முடியாது. அன்சல் பிளாசாவின் அழகே நடுவில் இருந்த அந்த வட்டம். அங்கே உட்கார டிக்கெட் இல்லை, யாரும் எழுப்பமாட்டார்கள். அதுவே அதன் பலவீனமும். படியில் உட்கார்ந்தவன் கடைக்கு முதுகைக் காட்டிக்கொண்டுதான் உட்காருவான். பிறகு வந்த மால்களில் கவனித்துப் பாருங்கள், உட்கார இடமே இருக்காது. இருந்தாலும் உணவுக்கடைகளுக்கு நடுவில், தட்டோடு. அது தற்செயல் இல்லை.

திறந்தவெளி என்பதில் இன்னொரு சிக்கல். டில்லியில் வானத்தைப் பார்த்து உட்காரத் தோதான காலம் அக்டோபர், நவம்பர், அப்புறம் பிப்ரவரி, மார்ச். அவ்வளவுதான். மே மாதம் 44 டிகிரியில் ஒரு அரைவட்டத்திலிருந்து எதிர் அரைவட்டத்துக்குப் போக வெயிலைக் கடக்க வேண்டும். ஜனவரி ராத்திரியில் பனிமூட்டத்தைக் கடக்க வேண்டும். ஜனங்கள் இந்தப் பக்கமே சுற்றிவிட்டுக் கிளம்பிவிடுவார்கள்.

மூன்றாவது, சினிமா. டில்லியில், ஏன் இந்தியாவிலேயே, மல்டிபிளெக்ஸ் என்பது 1997-ல் சாகேத்தில் அனுபம் தியேட்டரை நாலு திரையாக மாற்றியபோதே வந்துவிட்டது. இரண்டு வருஷம் கழித்துக் கட்டிய அன்சல் பிளாசாவில் ஒரு திரைகூட இல்லை. சினிமா இருந்தால் வாரத்தில் ஏழு நாளும், மத்தியானம் மூன்று மணிக்கும் ராத்திரி பதினொன்றுக்கும் ஆள் வரும். படம் விட்டதும் பசிக்கும். இன்றைய மால்களில் தியேட்டர்காரனுக்கு மற்றவர்களைவிட மலிவான வாடகை கொடுப்பது இதற்காகத்தான்.

நிறையப் பேர் 2002 நவம்பரைச் சொல்வார்கள். நவம்பர் 3, தீபாவளிக்கு முந்தின நாள், ஞாயிற்றுக்கிழமை. மாலின் அடித்தளக் கார் பார்க்கிங்கில் டில்லி போலீஸ் இரண்டு பேரைச் சுட்டுக் கொன்றது. தீவிரவாதிகள் என்றது போலீஸ். அது உண்மையான மோதல்தானா என்று அப்போதே கேள்வி எழுந்து பெரிய சர்ச்சையானது. மால் அதனால்தான் விழுந்தது என்பதை நான் ஏற்கமாட்டேன். அம்மா இரண்டு மாதம் போகக் கூடாது என்றாள். புது வருஷத்துக்கு நாங்கள் மறுபடி அங்கேதான் நின்றோம், படியில் இடம் கிடைக்காமல். டில்லிக்காரன் பயத்தை நீண்ட நாள் வைத்துக்கொள்வதில்லை. 2005 அக்டோபர் 29 அன்று எங்கள் சரோஜினி நகர் மார்க்கெட்டில் குண்டு வெடித்து அத்தனை பேர் செத்தார்கள். அந்த மார்க்கெட் அடுத்த தீபாவளிக்கும் நிரம்பி வழிந்தது. மாறியது என்னவென்றால் வாசல்தான். பையைத் திற, கையைத் தூக்கு, மெட்டல் டிடெக்டருக்குள் போ. தூக்கில் புளியோதரை கொண்டுபோகிற காலம் அதோடு முடிந்தது.

ஆன்லைன் வியாபாரத்தின் மேல் பழி போடுகிறவர்களும் உண்டு. காலக்கணக்கு ஒத்துவராது. ஃபிளிப்கார்ட் தொடங்கியதே 2007-ல், அதுவும் புத்தகம் விற்க. அதே 2007-ல் சாகேத்தில் செலக்ட் சிட்டிவாக் திறந்தது. அடுத்த வருஷம் வசந்த் குஞ்சில் டிஎல்எஃப் எம்போரியோ. அதற்கு முன்பே குர்காவ் எம்.ஜி. ரோட்டில் வரிசையாக மால்கள். அன்சல் பிளாசாவை அடித்தது இவைதான். 2006-ல் சுப்ரீம் கோர்ட் மேற்பார்வையில் குடியிருப்புப் பகுதிக் கடைகளுக்கு சீல் வைத்தபோது, இடம் தேடி ஓடிய நல்ல பிராண்டுகள் பழைய மாலுக்குத் திரும்பி வந்திருக்கலாம். புதுசு கட்டி முடியட்டும் என்று காத்திருந்து சாகேத்துக்குப் போனார்கள்.

பிறகு மெட்ரோ. 2010 செப்டம்பரில் மஞ்சள் லைன் தெற்கு டில்லிக்கு வந்ததும் எங்கள் பழைய காலனி வாசலிலேயே ஐஎன்ஏ ஸ்டேஷன். ஏறினால் எய்ம்ஸ், கிரீன் பார்க், ஹௌஸ் காஸ், அடுத்தது மாளவியா நகர். இறங்கினால் சாகேத் மால்கள். குளுகுளுவென்று கால்மணி நேரம். பக்கத்திலிருந்த அன்சல் பிளாசாவுக்கு ரிங் ரோட்டுப் புகையில் நடக்க வேண்டும். அந்த மாதம்தான் தூரம் என்றால் என்ன என்பதே அந்தக் காலனிக்காரர்களுக்கு மாறிப்போனது. அந்தப் பக்கம் சவுத் எக்ஸ்டென்ஷன் மெட்ரோ ஸ்டேஷன் வந்தது 2018 ஆகஸ்டில். எட்டு வருஷம் லேட்.

என் தொழிலின் பார்வையில் எல்லாவற்றையும்விட முக்கியமான காரணம் ஒன்று உண்டு. அது ஒரு மாலின் கதை இல்லை, அந்தத் தலைமுறையில் டில்லி, குர்காவ், நொய்டா சுற்றுவட்டாரத்தில் கட்டிய பலவற்றின் கதை. பில்டருக்குப் பணம் உடனே வேண்டும். அதனால் மாலைக் கட்டி வைத்துக்கொண்டு வாடகைக்கு விடாமல், கடை கடையாகத் துண்டு போட்டு விற்றுவிடுவார். முந்நூறு கடைக்கு முந்நூறு சொந்தக்காரர்கள். ஒவ்வொருவரும் யார் அதிக வாடகை தருகிறாரோ அவருக்குக் கொடுப்பார். குழந்தைத் துணிக் கடைக்குப் பக்கத்தில் விசா ஏஜென்ட், அதற்குப் பக்கத்தில் மசாஜ் பார்லர். எந்த மாடியில் என்ன இருக்க வேண்டும் என்று சொல்ல ஒரு தலை கிடையாது. கடை காலியானால் மெயின்டனன்ஸ் கட்ட மாட்டார். பத்துப் பேர் கட்டாவிட்டால் ஏசியை ஒரு மணி நேரம் குறைப்பார்கள். ஏசி குறைந்தால் ஆள் குறையும். ஆள் குறைந்தால் இன்னும் இருபது பேர் கட்ட மாட்டார்கள். செலக்ட் சிட்டிவாக் மாதிரி ஓடுகிற மால்கள் ஒரே கையில் இருப்பவை. விற்காமல் குத்தகைக்கு மட்டும் விட்டு, விற்பனையில் பங்கு வாங்குகிறவை. கடை ஓடினால்தான் சொந்தக்காரருக்கும் காசு என்பதால் அவரே தினமும் வந்து பார்ப்பார்.

இதில் மாட்டிக்கொண்ட நம்மவர்களை எனக்குத் தெரியும். பெயர் வேண்டாம், மால் பெயரும் வேண்டாம். அப்பாவோடு வேலை பார்த்த ஒரு மாமா, செக்‌ஷன் ஆபீசராக ரிட்டையரானவர். கிராஜுவிட்டியில் பாதியைப் போட்டு நூற்றிருபது சதுர அடியில் ஒரு கடை வாங்கினார். வருஷத்துக்குப் பன்னிரண்டு சதவீதம் கட்டாயம் தருகிறோம் என்று எழுதிக் கொடுத்தார்கள். இரண்டு வருஷம் செக் ஒழுங்காக வந்தது. மூன்றாவது வருஷம் நான் லீசிங்கில் இருக்கிறேன் என்று தெரிந்து, “ஒரு வாடகைக்காரனைப் பிடிச்சுக் குடுடா” என்று கேட்டார். ஒரு சனிக்கிழமை இரண்டு பேரும் போனோம். எஸ்கலேட்டர் நின்றுபோயிருந்தது. ஓடாத எஸ்கலேட்டரில் ஏறிப் பார்த்திருக்கிறீர்களா? முதல் இரண்டு படியும் கடைசி இரண்டு படியும் மற்றவற்றைவிடக் குட்டையாக இருக்கும், கால் ஏமாந்துபோகும். மாமா மேல்படியில் தடுமாறி என் தோளைப் பிடித்துக்கொண்டார். அவருடைய கடை இரண்டாவது மாடியில் மூலையில். ஷட்டர் பூட்டுக்கு அவர் கொண்டுவந்த சாவி போகவில்லை. துரு. கண்ணாடி வழியாகக் கை வைத்து மறைத்து உள்ளே பார்த்தார், சரி போகலாம் என்றார். வாடகைக்கு நான் யாரையும் கூட்டிவரவில்லை. கூட்டி வந்திருந்தால் அவர்களிடம் பொய் சொல்ல வேண்டியிருந்திருக்கும்.

இந்த மாதிரி எத்தனை இருக்கின்றன என்பதற்கு ஒரு கணக்கு: நைட் ஃபிராங்க் நிறுவனம் 2024-ல் வெளியிட்ட அறிக்கை, நாற்பது சதவீதத்துக்கு மேல் காலியாகக் கிடப்பவற்றைப் பேய் மால் என்று வகைப்படுத்தி, 2023-ல் எட்டுப் பெருநகரங்களில் அப்படி 64 இருப்பதாகச் சொன்னது. பரப்பளவில் முதலிடம் டில்லி வட்டாரத்துக்கு.

சரி, ஜனங்களின் கதைக்கு வருகிறேன். சர்க்கார் காலனியில் வளராதவர்களுக்கு ஒன்று புரியாது. அது யாருக்கும் சொந்த ஊர் இல்லை. அப்பா ரிட்டையரான சில மாதத்தில் சாவியை ஒப்படைக்க வேண்டும். முப்பது வருஷம் பக்கத்து வீட்டில் இருந்தவர்கள் ஒரு லாரியில் ஏறி மறைந்துபோவார்கள். அறுபதுகளில் டில்லிக்கு வேலைக்கு வந்த தமிழர் கூட்டம் ஏறத்தாழ ஒரே வயது. அதனால் போனதும் ஏறத்தாழ ஒரே சமயம். 1998-ன் அந்த இரண்டு வருஷச் சலுகை முடிந்த பிறகு ஒவ்வொரு மாதமும் ஒரு வீடு. காசு சேர்த்து சொசைட்டியில் ஃபிளாட் போட்டவர்கள் மயூர் விஹாருக்கும் துவாரகாவுக்கும் போனார்கள். மற்றவர்கள் நங்கநல்லூர், தாம்பரம், ஸ்ரீரங்கம். எங்கள் பிளாக்கில் மார்கழி மாதம் ஐந்தாறு வாசலில் கோலம் இருக்கும். நாங்கள் கிளம்பிய வருஷம் அது எங்கள் வாசல் மட்டும். நாங்கள் மயூர் விஹார் ஃபேஸ் ஒன்.

அந்த வீடுகளுக்கு வேறு ஊழியர்கள் வந்தார்கள் என்பது சரிதான். கொஞ்ச காலம்தான் அது. 2010-களின் நடுவில் கிழக்கு கித்வாய் நகரையே இடித்துவிட்டார்கள். மத்திய அரசு நிறுவனமான என்பிசிசி அங்கே அடுக்குமாடி டவர்களைக் கட்டியது. செலவுக்கு அரசு பணம் போடவில்லை. நிலத்தில் ஒரு பகுதியை அலுவலகக் கட்டடமாக்கி விற்று அதில் ஈடுகட்டினார்கள். அது வெற்றி என்று எண்ணி 2016 ஜூலையில் மத்திய அமைச்சரவை இன்னும் ஏழு காலனிகளுக்கு ஒப்புதல் கொடுத்தது. சரோஜினி நகர், நேதாஜி நகர், நௌரோஜி நகர், கஸ்தூர்பா நகர், தியாகராஜ் நகர், ஸ்ரீநிவாஸ்புரி, முகமத்பூர். 12,970 வீடுகளை இடித்து 25,667 வீடுகள். அதற்காக வெட்டவிருந்த மரங்களுக்காக 2018 ஜூனில் ஜனங்கள் தெருவுக்கு வந்து, டில்லி ஹைகோர்ட் தடை போட்டது உங்களுக்கு ஞாபகம் இருக்கலாம்.

வீடுகள் கூடுகிறதே, அதைக் குறை சொல்லலாமா என்று கேட்டால், சொல்ல மாட்டேன். எங்கள் குவார்ட்டர்ஸின் மேற்கூரை இரும்பு வெளியே தெரிந்து நின்றது. அப்பா மழைக்காலத்தில் கட்டிலை நகர்த்துவார். ஆனால் புது டவரில் குடியேறுகிறவருக்கு வீட்டிலேயே ஏசி, கீழே கார், கேட்டுக்குள் பூங்கா. ஜூலை சாயங்காலம் சட்டையை மாட்டிக்கொண்டு ஒரு ரவுண்டு போக அவருக்கு அவசியம் இல்லை. அமெரிக்க வீடியோவில் மால் கிடக்கிறது, ஊர் காலி. எங்கள் விஷயத்தில் மால் கட்டடம் அப்படியே நிற்கிறது. அதற்கு நடந்து போன நாங்கள் இருந்த ஊர்தான் தரைமட்டம். என் வீட்டு எண்ணை இன்றைக்கு மேப்பில் தேட முடியாது. அன்சல் பிளாசாவைத் தேடலாம்.

நீங்கள் போய்ப் பார்க்கப் போவதாக இருந்தால் பிங்க் லைனில் சவுத் எக்ஸ்டென்ஷனில் இறங்கி ரிங் ரோட்டோரமாக நடங்கள். அக்டோபர் கடைசியில், சாயங்காலம் ஐந்தரைக்கு. சிறுவயதில் ஞாபகத்தில் இருந்த அளவு பெரிதாக இருக்காது, எனக்கும் இல்லை.

அத்தைக்கு இப்போது எண்பத்தொன்று. தென்காசியில்தான் இருக்கிறாள். போனில் பேசும்போதெல்லாம் டில்லியைப் பற்றி இரண்டு கேள்விதான். குளிர் எப்படி, அந்த வட்டக் கட்டடம் இருக்கா. இருக்கு அத்தை என்பேன். போன பொங்கலுக்கும் கேட்டாள். இருக்கு என்றதும் கொஞ்சம் யோசித்து, “அன்னைக்கு எறங்கியும் பாத்திருக்கலாம்யா, நீதான் கையப் புடிச்சிருந்தியே” என்றாள்.